டீசல் விலையும் மத்தியான ட்ரிப்பும்

கண்டக்டர் வேலை என்றால், நாள் முழுக்க அடுத்தவர்களிடம் "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டு, தான் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. தக்கலைக்கும் பாறவிளைக்கும் நடுவே ஓடும் தனியார் மினி பஸ்ஸில் எனக்கு அந்த வேலை. பாறவிளைக்குக் காலையும் மாலையும் அரசு பஸ் உண்டு, பெண்களுக்கு அதில் இலவசம். இடைப்பட்ட நேரத்துக்கு நாங்கள்தான் கதி. டீசல் விலை கூடியது, முதலாளியின் முகம் சுருங்கியது, டிக்கெட் விலை ஏறியது, வசவு முழுக்க என் தலையில் விழுந்தது. பஸ்ஸே கதி என்று இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. எனக்குக் கூடுதலாக ஒரு வியாதியும் உண்டு. யார் எதற்காக எங்கே போகிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கேட் அடைத்த நேரம்

டீசலை மிச்சம் பிடிக்க முதலாளி போட்ட முதல் உத்தரவு, இரணியல் பக்கத்து ரயில்வே கேட் அடைத்திருந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது. டிரைவர் செல்வதாஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது, கூடவே பாட்டும் நின்றது. இரண்டையும் மீறிக் கத்திப் பேசியே பழகியவர்கள் அதே குரலில் பேசினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

முன் சீட்டில், ஊருக்கே சித்தியான ஸ்டெல்லா சித்தி பக்கத்துப் பெண்ணிடம் ஒரு கல்யாணச் சாப்பாட்டை அலசிக்கொண்டிருந்தார். "நம்ம மணியனுக்க மக கல்யாணத்துல, சாம்பாறுல பேருக்கு ஒரு முருங்கக்கா கெடக்கணுமே, இல்ல!" என்றது பஸ் முழுக்கக் கேட்டது. மணியன் கடைசி சீட்டில்தான் இருந்தார். சண்டை வருமா, ஆள் இறங்கிப் போய்விடுவாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சித்தி இருந்தது ரெண்டாம் பந்தி. மொத பந்திக்கு கெடந்துது."

டாக்டர் சொன்ன நடை

டிக்கெட் விலை ஏறிய வாரம் ஒரு விசித்திரம் பார்த்தேன். கட்டணம் மாறும் இடத்தை நாங்கள் ஸ்டேஜ் என்போம். கூடுதல் கட்டணம் தொடங்குகிற ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே ஆட்கள் திமுதிமுவென்று இறங்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். ஒருவருக்கு மீன் வாங்க வேண்டும். ஒருவருக்கு சிநேகிதனைப் பார்க்க வேண்டும். ரிட்டயரான பொன்னையா சார் மட்டும், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றார். நானும் மரியாதையாகத் தலையாட்டி வைத்தேன்.

ஒரு நாள் நல்ல மழை. சார் கையில் குடை இல்லை. ஆனாலும் அந்த ஸ்டாப் வந்ததும் எழுந்துவிட்டார். "சார், மழையிலயுமா?" என்றேன். "டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு" என்றார். அன்றைக்கு அவர் மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மா சீட்டை விட்டு அசையவே இல்லை. ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டே கேட்டார்: "எந்த டாக்டரு? பெட்ரோல் பங்குல இருக்கியவரா?"

குருசடி முக்கில் இரண்டு பேர்

காலையிலும் மாலையிலும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். மத்தியான ட்ரிப்பில்தான் பாதி சீட் காலியாகக் கிடக்கும். அதில் தவறாமல் வருகிறவர்கள் குருசடி முக்கில் ஏறும் டேவிட்டும் அவர் மனைவி சுசீலாவும். சக்கை பறிக்க பலா மரத்தில் ஏறி, விழுந்து, டேவிட்டுக்கு இடது தொடையெலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்த காலுக்கு வாரத்தில் மூன்று மத்தியானம் தக்கலை ஆஸ்பத்திரியில் பயிற்சி. விட்டால் முழங்கால் முட்டு மடங்காமலே இறுகிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்தால் சுசீலா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்து வாங்குகிற கூலி அதற்கே போய்விடும். பஸ்ஸில் ஏறும்போது நான் ஒரு பக்கம் பிடிப்பேன், சுசீலா ஒரு பக்கம். வாசலை ஒட்டிய ஒற்றை சீட் அவருக்கு என்பது பஸ்ஸில் எழுதாத சட்டம்.

டீசல் இன்னும் ஏறியதும் முதலாளி மத்தியான ட்ரிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னார். புதன்கிழமை தானே வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். சுசீலா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். டேவிட்தான் காலைத் தடவியபடி சொன்னார்: "முட்டு மடங்கின பொறவு நிறுத்தச் சொல்லுங்கண்ணே. பின்னே நான் நடந்தே போயிக்குவேன்."

போக இடமில்லாத பயணிகள்

புதன்கிழமை பாறவிளையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினால், திருவிழாக் கூட்டம். ஸ்டெல்லா சித்தியோடு அவருடைய ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும், கோயில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர், மணியன், பொன்னையா சார். முதலாளி ஏற்கெனவே வாசல் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க?" என்றால் எல்லாருக்கும் தக்கலை. "என்ன விசேஷம்?" என்றால் சும்மா. ஜெபக்கூட்டத்துப் பெண்களோ, கொஞ்சம் பொறுத்தால் இலவச பஸ்ஸில் போகக்கூடியவர்கள். அவர்களே டிக்கெட் கேட்டு வாங்கினார்கள். பொன்னையா சார் முழு டிக்கெட் எடுத்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. முதலாளி திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஏம்டே, ஆளே இல்லங்கியது இதுதானா?" என்றார்.

குருசடி முக்கில் டேவிட் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். படிக்கட்டு வரை ஆள். கால் வைக்க இடமில்லை. சுசீலா வழியாகச் சேதி தெரிந்து டேவிட்டுக்காக ஏறியவர்கள் அவரையே ஏற விடாமல் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா சித்தி, "தள்ளுங்க, நான் எறங்குதேன்" என்று எழுந்தார். முதலாளியை முன்பின் பார்த்திராத சுசீலா, அவர் முகத்துக்கு நேரே நின்று பதறிப்போய்க் கத்தினார்: "எறங்காதீங்க சித்தி! ஆளு கொறஞ்சா அந்த முதலாளி ட்ரிப்ப நிறுத்தீருவாரு!"

செல்வதாஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிக்கெட் கட்டைப் புரட்டினேன். முதலாளி பஸ் முழுக்க ஒருமுறை பார்த்தார், கம்பைப் பார்த்தார், பிறகு எழுந்து கீழே இறங்கி டேவிட்டின் கையைப் பிடித்தார். அவரை அந்த ஒற்றை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தக்கலை வரை என்னோடு படியில் தொங்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, காற்று என்று சமாளித்தேன். பஸ் ஸ்டாண்ட் நெருங்கும்போது முதலாளி சொன்னார்: "லே, போக எடமில்லாத இத்தன பேரு டிக்கெட் எடுக்குத ஊருல ட்ரிப்ப நிறுத்தினா, நாந்தானே மடையன்!"

பயிற்சி இருக்கிற மூன்று நாளும் மத்தியான ட்ரிப் இப்போதும் ஓடுகிறது. கூட்டம் மறுபடி வரவில்லை, பாதி சீட் காலிதான். டேவிட்டுக்கு முட்டு பாதி மடங்குகிறது. டீசல் விலை எதற்காக ஏறுகிறது என்பது எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. ஆட்கள் எதற்காக பஸ் ஏறுகிறார்கள் என்பதாவது தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.