பெரகலை ஏற்றமும் ஒன்பதாம் நம்பர் பிளக்கும்

என் மனைவி ஹப்புத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழரை மணிக்குப் பிறகு வரும் பிள்ளைகளைக் கேட்டருகே வரிசையாக நிறுத்திக் காரணம் கேட்பது அவளுடைய பொறுப்பு. அதே ஏழரைக்கு, ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் பிரின்சிபல் ஒரு சிவப்புக் கோடு கிழிப்பார். போன வருடம் ஒரே மாதத்தில் அவள் இரண்டு தடவை அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். இரண்டு தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

வண்டி, ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து அனுப்பிய குட்டி வேகன். மூன்றே சிலிண்டர், ஆனால் டர்போ. அந்த வார்த்தை பின்கதவில் சிவப்பாக ஒட்டியிருக்கும். அதைத் துடைக்க மட்டும் நான் தனித் துணி வைத்திருக்கிறேன். ஹல்துமுல்லையில் எங்கள் வீட்டிலிருந்து பெரகலைச் சந்தி வரை ஒரு மாதிரி போய்விடும். அதற்கு மேல் ஏற்றத்தில் காலை அழுத்தினால், டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கும் அந்த நொடியில் வண்டி திக்கும், குலுங்கும். காலை எடுத்தால் சரியாகிவிடும். அதற்குள் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி எங்களைத் தாண்டிப் போய்விடும்.

"இன்னொரு நாள் லேட்டானா, அந்தப் பிள்ளைங்க வரிசையில நானும் போய் நிக்கணும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதுங்ககிட்ட காரணம் கேக்குறது?" என்றாள்.

பண்டாரவளையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போடும் பிளக் மூன்றையும் கழற்றிப் பார்த்தார். பிறகு பழையபடி மாட்டினார்.

"தேஞ்சிருக்குங்க ஐயா. புதுசு வாங்குங்க. நம்பர் ஏற ஏற பிளக்கு சூட்ட வேகமா வெளிய தள்ளும். டர்போவுக்குக் கொஞ்சம் ஏத்தமான நம்பர்தான் போடுவாங்க, இதுல ஏழு இருக்கு. நுனி பால் டீ கலர்ல இருந்தா அதே நம்பர வாங்குங்க. வெள்ளையா இருந்தா ஏத்தணும், கரியா இருந்தா இறக்கணும்."

"நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்."

"டீ கலர டீ பேக்டரி ஐயாவுக்கு நான் சொல்லித் தரணுமா?"

அங்கே விழுந்தேன். இருபத்தைந்து வருடமாகத் தேயிலைப் பேக்டரியில் உத்தியோகம். சாயத்தைப் பார்த்தே எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவேன் என்று, யாரும் கேட்காத இடங்களிலும் சொல்லி வருகிறவன். வீட்டுக்குப் போய் பிளக்குகளைக் கழற்றி, சமையலறை மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்து அடுக்கினேன். மனைவியிடம் ஒரு பால் டீ கேட்டேன்.

"ஒங்களுக்கா, பிளக்குக்கா?"

பிளக்கைக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்தேன். வெளிறித் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்திலும் வெளிறித்தான் தெரிந்தது. சந்தேகமே இல்லை, எஞ்சினில் சூடு கூடிவிட்டது. ஒரு நம்பர் ஏற்றினால் எட்டு. ஆனால் பெரகலை ஏற்றம் இருக்கிறது, டர்போ இருக்கிறது, என் எடையும் இருக்கிறது. ஒன்பது என்று முடிவு செய்தேன்.

பதுளைக்குப் போனேன். ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கார நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு ஏழுதானே சேர். புத்தகத்துலயே ஏழுன்னு ஈக்கு."

வண்டியோடு வந்த புத்தகத்தில் என்னால் படிக்க முடிந்தது எண்களை மட்டும்தான். மிச்சமெல்லாம் ஜப்பான் மொழி. அதில் ஏழு இருந்தது எனக்கும் தெரியும்.

"அது ஜப்பான்காரனுக்கு எழுதுனது நானா. ஜப்பான்ல பெரகலை ஏத்தம் இருக்கா?"

"அங்கயும் மலை ஈக்கு சேர்."

"ஒன்பது குடுங்க."

"ஒன்பது ரேஸ் ஓடுறவங்க கேக்குறது. சேர் ரேஸ் ஓடுறீங்களா?"

"ஏழரைக்குள்ள டீச்சரக் கொண்டுபோய் எறக்கணும்."

"அப்ப ரேஸ்தான்" என்று மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

மூன்று பிளக்தானே என்று நானே மாட்டினேன். முதல் நாள் வண்டி திக்கவே இல்லை. இரண்டு கொழுந்து லாரிகளை முந்தினேன். பெரகலையிலிருந்து ஹப்புத்தளை வரை, பிளக் எப்படிச் சூட்டை வெளியே தள்ளுகிறது என்று மனைவிக்கு விளக்கினேன். அவள், "ரோட்டப் பாருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். நான்காம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆக மூன்று முறை திருப்ப வேண்டியிருந்தது. குளிருக்கு அப்படித்தான் என்றேன். ஆறாம் நாள், மூடுபனியோடு தூறலும் சேர்ந்துகொண்ட காலையில், பெரகலைக்குக் கொஞ்சம் கீழே வண்டி இருமி, புகைவிட்டு, நின்றது.

நான் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை அனுதாபத்தோடு பார்த்தேன். பின்னால் பஸ் வந்தது. மனைவி கையைக் காட்டினாள், ஏறினாள், போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நடந்ததைச் சாயந்தரம் சொன்னாள். ஏழே முக்காலுக்குக் கேட்டுக்குப் போயிருக்கிறாள். லேட்டாக வந்த பிள்ளைகள், அவள் பழக்கியபடியே ஒழுங்கான வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவளுடைய இடத்தில் பிரின்சிபல் நின்றிருக்கிறார்.

"அவ்வளவு பேருக்கு முன்னால, 'என்ன டீச்சர், என்ன காரணம்?'னு கேட்டாரு. 'வண்டி பிளக்கு சேர்'னு சொன்னேன். வரிசையே சிரிச்சிருச்சு."

அடுத்த நாள் வேறொருவர் வண்டியில் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் சேர்த்தேன். அவர் பிளக்கைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். கரி அப்பியிருந்தது.

"ஐயா, இது பால் டீ இல்ல. பிளேன் டீ."

ஒன்பது அளவுக்கு மீறிக் குளிர்ந்து, குறுகிய காலை ஓட்டத்தில் தன் கரியைக்கூட எரித்துக்கொள்ள முடியாமல் கிடந்திருக்கிறது. நான் கொண்டுபோயிருந்த பழைய பிளக்கை, டீக்கடையிலிருந்து வந்த தன் பால் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே நிறம்.

"எந்தக் கோப்பைய வச்சிப் பாத்தீங்க?"

என் வீட்டுக் கோப்பை, நான் தெரிந்தெடுத்த டஸ்ட் தேயிலை. பாலையே மிரட்டும் சாயம். அதன் பக்கத்தில் எந்தப் பிளக்கும் வெளிறித்தான் தெரியும்.

"நம்பர் அன்னைக்கும் சரிதாங்க ஐயா. நுனி தேஞ்சு இடைவெளி கூடிப்போச்சு, அவ்வளவுதான். டர்போ காத்து வேகமா வந்தா நெருப்பு ஊதி அணைஞ்சிரும், மெழுகுதிரி மாதிரி. ஒன்பதும் முதல்ல ஓடுனது புதுசுங்குறதால."

புது ஏழு மூன்றையும் மெல்லிய தகட்டை விட்டு இடைவெளி பார்த்து மாட்டிக் கொடுத்தார். மறுநாள் ஏழு பத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். எனக்குப் பெருமை. அது சாயந்தரம் வரை இருந்தது.

"இன்னைக்கு எட்டுப் பேர் லேட்டு" என்றாள் மனைவி. "எல்லாருக்கும் ஒரே காரணம். என்னன்னு கேளுங்க."

"என்ன?"

"பிளக்காம்."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. தோட்டத்து லயத்துல இருந்து நடந்து வர்றவ கூட 'பிளக்கு டீச்சர்'ங்குறா. பக்கத்துல பிரின்சிபல் நிக்கிறாரு, நான் என்னத்தச் சொல்ல? எல்லாரையும் உள்ள விட்டுட்டேன். இனிமே யாரு என்னைய மதிப்பாங்க?"

பிறகு, எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பஸ்ஸுக்குப் பிளக்கு இருக்கா?"

"டீசல் பஸ்ஸுக்கு நெருப்புப் போடுற பிளக்கு கிடையாது. அழுத்தத்துலயே எரிஞ்சிரும்."

"நெசமாவா?"

"சத்தியமா."

சில டீசல் எஞ்சினில் சூடேற்ற மட்டும் வேறொரு வகை பிளக் உண்டு. அதைச் சொல்லி அவள் கைக்குக் கிடைத்த ஆயுதத்தை மழுங்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நான் உடனே திரும்பவில்லை. கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரை தாண்டியதும் வரிசை சேர்ந்தது.

"பிளக்கு டீச்சர்" என்றான் முதலில் நின்றவன்.

"எதுல வந்தே?"

"பஸ்ல."

"பஸ்ஸு டீசல். டீசலுக்குப் பிளக்கு கிடையாது. நில்லு அங்க."

வரிசையில் சத்தம் அடங்கியது. அடுத்தவள் நடந்து வந்தவள். தானாகவே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிரின்சிபல் மெல்ல ஆபீஸ் பக்கம் திரும்பினார். மனைவியின் முதுகு நிமிர்ந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

கடைசியில், இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பிள்ளை.

"நீ எதுல வந்தே?"

"ஆட்டோல, டீச்சர்."

மனைவி திரும்பி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக ஒரு விரலைக் காட்டினேன். ஆட்டோ பெட்ரோல், அதற்கு ஒரு பிளக் உண்டு.

"சரி, உள்ள போ" என்றாள்.