மரக்காணத்துக்கு முதுகு பார்க்கப் போன கதை

காலை ஆறே கால். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு ஒரு மஞ்சள் பை மட்டுமே. உள்ளே, ஸ்கேன் எடுக்கும்போது பூசுகிற ஜெல் இரண்டு பாட்டில். ஒப்படைத்தவள் என் மனைவியின் தங்கை வெண்ணிலா, கால்நடை மருத்துவர். ஸ்கேன் கருவிப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பெட்டியை உங்ககிட்ட குடுக்க பயமா இருக்குது மாமா. பையை மட்டும் பாத்துக்கோங்க."

அவளுடைய உதவியாளருக்குக் காய்ச்சல். ஊர் சுற்றி எழுதுகிறவன் என்ற தகுதியில் நானாகவே முன்வந்திருந்தேன்.

மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பெருமுக்கல் குன்று ஜன்னலில் வந்து போவதற்குள் அவள் எனக்குப் பாடம் எடுத்து முடித்துவிட்டாள். கறிக்கு வளர்க்கும் ஆட்டில் முதுகெலும்பை ஒட்டிய சதைதான் முக்கியம். அது தடிமனா, மேலே கொழுப்பு எவ்வளவு என்பதை அறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அறுத்த கிடாவை வைத்து இனப்பெருக்கம் செய்ய முடியாதே! ஆகவே உயிரோடு நிற்கும்போதே ஸ்கேனில் பார்த்து, நல்ல முதுகுள்ள கிடாவை மந்தைக்கு அப்பனாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழரைக்கு இறங்கினோம். பேருந்து புதுச்சேரிப் பக்கம் புறப்பட்டுப் போனது. அதில் மஞ்சள் பையும் போனது. எனக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறக்கும் தைரியம்தான் வரவில்லை.

ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்து, "இன்னாங்க மெஷினு?" என்றார்.

"ஸ்கேன். ஆட்டுக்கு" என்றாள் வெண்ணிலா.

"வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதுங்க. சட்டம் இருக்குது."

"கிடாவுக்குத்தாங்க ஸ்கேன்."

அவர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். "கிடா எப்படிங்க மாசமாவும்?"

வெண்ணிலா சிரித்து முடிப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம் என்று பட்டது. "பையை பஸ்ல வுட்டுட்டேன்" என்றேன். சிரிப்பு நின்றது. ஆட்டோக்காரர் பேருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு யாருக்கோ போன் போட்டார்.

எட்டு மணி. ஜாபர் பாயின் வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் பாத்தி பாத்தியாக உப்பளம். மஸ்கட்டில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்து, செம்மறி மந்தை வைத்திருக்கிறார். மேசையில் பாஸ்போர்ட்டும், அதைப் புதுப்பிக்க வேண்டிய தாள்களும் கிடந்தன. அவர் மனைவி அமீனா அந்த மேசைப் பக்கம் பார்க்காமலே டீ வைத்துவிட்டுப் போனார்.

"போன வருஷம் பெரிய கிடாவா பாத்து வாங்கி வுட்டேங்க. குட்டிங்க வளந்து நின்னா வாட்டசாட்டமா இருக்குது, அறுத்தா எலும்புதான். கறிக்கடைக்காரன் இப்ப என் மந்தைன்னாலே மூஞ்சைத் திருப்பிக்கறான். இந்த தடவையும் அப்படி ஆச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டு மறுபடி மஸ்கட்தான்."

ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு கிடாக்கள் கட்டியிருந்தன. பெரியதன் பெயர் சுல்தான். மற்றதற்குப் பெயரே வைக்காமல் ஒல்லி என்று கூப்பிட்டார்கள். ஒன்றை மந்தைக்கு வைத்துக்கொண்டு, மற்றதை அன்று பதினொரு மணிக்குக் கறிக்கு ஆடு ஏற்ற வரும் வேனில் ஏற்றியாக வேண்டும். பாயின் மனசு சுல்தானிடம். தராசும் அதன் பக்கம்தான்.

"இப்ப ஜெல்லுக்கு எங்க போறது?" என்று வெண்ணிலா என்னைப் பார்த்தாள். நான் உப்பளத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அமீனா அடுப்படியிலிருந்து கடலை எண்ணெய் பாட்டிலோடு வந்தார். "மீன் வறுக்க வெச்சிருந்தேன். இது ஆவுமா டாக்டரம்மா?"

"ஆவும்க்கா. அவசரத்துக்கு எண்ணெயிலயும் படம் வரும்."

சரிபார்க்கலாம் என்று முதலில் என் இடுப்பில் எண்ணெய் தடவிக் கருவியை வைத்துப் பார்த்தாள். "எல்லாம் கொழுப்புதான் மாமா. சதையைத் தேடணும்." அமீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று காலை அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என் இடுப்பு பிறந்ததற்கு ஒரு பயன்.

ஒன்பதரை. சுல்தானின் கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே முடியைக் கத்தரித்து, எண்ணெய் தடவி, கருவியை வைத்தாள். திரையில் முதுகுச் சதை மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. அடுத்தது ஒல்லி. கீற்று இருந்த இடத்தில் நல்ல முட்டை வடிவம். எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தராசுல சுல்தான்தானே கனம்?" பாயின் குரல் இறங்கிவிட்டது.

"எப்ப எடை போட்டீங்க?"

"சாயங்காலம், மேய்ச்சல்ல இருந்து வந்ததும்."

அமீனா குறுக்கிட்டார். "உப்பள வரப்புல உப்புக் கரிக்கற உமரிச் செடியை சுல்தான் ஒண்ணுதான் வுடாம மேயும். வந்ததும் ஒரு பக்கெட் தண்ணிய மூச்சு வுடாம குடிக்கும். அப்பறமாத்தான் இவர் தராசுல ஏத்துவாரு. நான் சொன்னா கேக்கறாரா?"

வெண்ணிலா தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். போன முறை இரண்டுக்கும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். "சுல்தானுக்கு அப்பன் உங்க பெரிய கிடாதான் பாய். ஒல்லிக்கு அப்பன், உங்க மச்சான் கிளியனூர்ல இருந்து கொண்டாந்து ஒரு மாசம் வுட்டுட்டுப் போனாரே, அது. அதோட மத்த குட்டிங்களை அங்க ஸ்கேன் பண்ணிப் பாத்தேன், அதுங்களுக்கும் முதுகு நல்லா இருக்குது. சதை பரம்பரையா எறங்கும். குடிச்ச தண்ணி எறங்காது."

"உறுதியா சொல்றீங்களா?"

"எல்லா குட்டியும் இப்படித்தான் பொறக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். என் மந்தையா இருந்தா ஒல்லியைத்தான் வெச்சிப்பேன்."

வேன் பதினொன்றே காலுக்கு வந்தது. சுல்தானை பாயே தூக்கி ஏற்றினார். அதன் நெற்றியை ஒரு முறை தடவிவிட்டு, வேன் தெருமுனையில் திரும்பும்வரை வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. வறுவலுக்கு எண்ணெய் போதாததால் மீன் முழுவதும் குழம்பாகியிருந்தது. மூன்று முறை கேட்டு வாங்கினேன். பாதியில் வாசலில் ஆட்டோச் சத்தம். திரும்பி வந்த பேருந்திலிருந்து மஞ்சள் பையை வாங்கி வந்திருந்தார் ஆட்டோக்காரர். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "கிடா நல்லா இருக்குதாங்க? இன்னா சொல்லிச்சு ஸ்கேனு?" என்றுதான் கேட்டார்.

என் ஊரில் பேருந்தில் எதைத் தவறவிட்டாலும், கடைசியாகக் கிடைப்பது அறிவுரை மட்டுமே. இங்கே அரை நாளில் பையும் கிடைத்தது, குழம்பும் கிடைத்தது, என் முட்டாள்தனத்துக்கு மன்னிப்பும் கிடைத்தது. நன்றி சொல்ல வார்த்தை தேடினால், வாயில் மீன் முள்தான் அகப்பட்டது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பாய் மேசையருகே போய், புதுப்பிக்க வைத்திருந்த தாள்களை மடித்துப் பரணில் போட்டார். பாஸ்போர்ட் இருந்த பிளாஸ்டிக் உறையைக் காலி செய்து, ஒல்லியின் ஸ்கேன் படத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் அதற்குள் வைத்தார்.

அமீனா அதைக் கண்டும் காணாதவராக எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த தடவை வரும்போது ஒல்லிக்கு ஒரு நல்ல பேரு யோசிச்சிட்டு வாங்க."