இரத்தம் இறங்குகிறது என்றார்கள்

என் இரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு எனக்குக் காசநோயாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தக் குழாயின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. குழாய் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். என் அக்கா புருஷன் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், வெல்லவாயப் பக்கம் காட்டை வெட்டிச் சோளம் போட்டிருந்தார். கைக்கு ஆள் இல்லை, வா என்று சொல்லி அனுப்பினார். வெளிவேலைக்குப் போக லீவு கேட்டால் தோட்டத்துத் துரை வேலைப் பதிவிலிருந்து பேரையே வெட்டிவிடுவார். சாவுக்கு மட்டும் லீவு உண்டு. அதனால் மஸ்கெலியாவில் சித்தப்பா செத்துவிட்டார், கருமாதி வரை பதினாறு நாள் வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டுக் கீழ்நாட்டுக்குப் போனேன். எனக்கு மஸ்கெலியாவில் சித்தப்பாவே கிடையாது.

திரும்பி வந்த மறுநாளே காய்ச்சல் தொடங்கியது. பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம், பிறகு நெருப்பு மாதிரிச் சூடு, பிறகு வேர்வை. மறுநாள் ஒன்றுமே இருக்காது. அதற்கு மறுநாள் திரும்பவும் நடுக்கம். குளிருகிறது என்று யாரிடம் சொல்வது? எங்கள் மலையில் எல்லோருக்கும்தான் குளிருகிறது. காய்ச்சல் இல்லாத நாளில் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனால் கங்காணி சும்மா விடமாட்டார்.

"என்னப்பா, ஒன் காச்சலுக்கும் லீவு நாள் இருக்கா? ஒருநாள் படுக்குது, ஒருநாள் வேலைக்கு வருது. எங்களுக்கும் அப்படி ஒண்ணு புடிச்சுக் குடேன்."

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தோட்டத்து மருந்துக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர். அவரிடம் போன அன்று பார்த்து எனக்குச் சூடு இல்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்தார். அடுப்புப் புகையில் படுத்து எழும்பும் எல்லோருக்கும் உள்ள இருமல் எனக்கும் இருந்தது.

"எப்பவிலயிருந்து இருமுறீர்? அண்மையிலை எங்கையும் போனனீரோ?"

"மஸ்கெலியாவுக்குங்க. சாவு வீட்டுக்கு."

"வேற இடம்?"

"இல்லீங்க."

உண்மையைச் சொன்னால் அது ஆபீசுக்குப் போகும், பேர் போகும் என்று பயம். அவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேதான் அந்தக் குழாய். இரத்தம் எடுத்த லாப்காரர் எனக்கு முன்னாலேயே அதை நிறுத்தி வைத்தார். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே மஞ்சள் தண்ணீர் பிரிந்தது. சிவப்பு கீழே கீழே போனது. டாக்டர் அதைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். லாப்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஒங்க ரத்தம் வேகமா எறங்குது. நெஞ்சுல நோய் இருக்கும் போல. கண்டியில நெஞ்சை எக்ஸ்ரே படம் புடிக்கணும். முறை வர்ற வரைக்கும் காத்திருங்க."

இறங்குகிறது என்றால் நானும் என் மனைவியும் என்ன நினைப்போம்? உடம்பில் உள்ள இரத்தம் குறைந்துகொண்டு போகிறது என்று நினைத்தோம். அவள் அன்றே விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"எந்த வழியாங்க எறங்குது? வெளிக்குப் போறப்பப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"ஒழுங்காப் பாத்தீங்களா? ஒங்களுக்கு மூக்கு முன்னால இருக்கிறதே தெரியாது."

ஆட்டு ஈரலும் பீட்ரூட்டும் தின்று தின்று என் வாயே சிவந்துபோனது. நடுக்கம் மட்டும் முறை தவறாமல் வந்தது.

இதற்குள் ஆஸ்பத்திரிக் கடிதம் ஆபீசுக்குப் போயிருந்தது. அதில் சந்தேகம் என்றுதான் எழுதியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆபீஸ் கிளாக்கர் அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்துவிட்டார். சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் காசநோய்க்காரன் இருக்கக் கூடாது. மாதம் முடியுமுன் குடும்பத்தோடு எங்கள் லயத்து அறையை, காம்பராவை, காலி செய்ய வேண்டும் என்று கங்காணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் என் மனைவியின் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு காம்பராதான். அதைவிட்டால் ரோட்டுதான்.

அவள் அன்றைக்கு அழவில்லை. நடுக்கம் உள்ள நாளாகப் பார்த்து, கம்பளியைச் சுற்றி, என்னை பஸ்ஸில் ஏற்றினாள். லாப்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஐயா, இவரு பொய் சொல்லிட்டாருங்க. மஸ்கெலியாவுக்குப் போகல. வெல்லவாயக் காட்டுல பதினாறு நாள் கெடந்தாரு. இவரைப் புடிச்சுப் பாருங்க, நெருப்பா கொதிக்குது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காய்ச்சலை விட வெட்கம் அதிகமானது. "கீழ்நாட்டுல இருந்து வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா ஒங்களுக்கு?" என்றார். விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வெகுநேரம் பார்த்தார். மலேரியா. நாட்டிலேயே ஒழிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதைப் பரப்பும் கொசு, எங்கள் பேச்சில் நொளம்பு, குளிர்மலையில் இருக்காது என்று மலையில் யாரும் அதைத் தேடவில்லை.

"அப்ப ரத்தம் எறங்கினது?" என்று கேட்டேன்.

"ரத்தம் கொறையலைங்க. குழாயில சீக்கிரம் அடியில படியுது, அவ்வளவுதான். உள்ளுக்குள்ள எங்கேயாவது அழற்சி இருந்தா அப்படிப் படியும். காசத்துலயும் படியும், மலேரியாவுலயும் படியும். எதுன்னு குழாய் சொல்லாது."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். என் மனைவி ஈரல் தேடி அலைந்திருக்க மாட்டாள். அவரும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யாரைத் திட்டி என்ன? உண்மையை மறைத்தவன் நான்.

கசப்பு மாத்திரையில் காய்ச்சல் சில நாளில் நின்றது. குழாயில் இறங்குவது நிற்கவில்லை. சோதித்த போதெல்லாம் சிவப்பு முன்போலவே வேகமாகத்தான் இறங்கியது. அது சரியாக நாளாகும் என்றார்கள். எனக்கு ஏது நாள்? மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. காசம் இல்லை, மலேரியா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் காம்பரா நிற்கும், பொய் வெளிப்பட்டு என் பேர் போகும். கொடுக்காவிட்டால் இரண்டும் போகும்.

கொடுத்தேன். கிளாக்கர் இந்த முறை ஒரு சொல்லையும் தாண்டவில்லை.

"மஸ்கெலியாவுல மலேரியாவா? ஒங்க சித்தப்பா நொளம்பு வளத்தாரா?"

பொய் லீவு என்று என் நிரந்தரப் பேரை வெட்டினார்கள். தேவைப்பட்டால் கூப்பிடும் ஆளானேன். மனைவியும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்ததால் காம்பராவை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சேதி சொல்ல வந்த கங்காணி இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.