ஊர்த்தெருப் பக்கத்து ஞானஸ்நானத் தொட்டி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பிழையும் இருக்கும், மன்னிக்கணும், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆவி, கீவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

பாகூர் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலுக்குள் அப்போது நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் ஊர்த்தெருக்காரர்கள், இந்தப் பக்கம் சேரிக்காரர்களான நாங்கள். பூசை ஒன்றுதான், சாமியாரும் ஒருவர்தான், ஆனால் ஞானஸ்நானத்துக்கான கல்தொட்டி அவர்கள் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கவாசலில் ஊற்றுவார்கள். என் மனைவி மரியாள் தலைப்பிள்ளை பெற்றதும், "எம் புள்ளைக்கு அந்தத் தொட்டிலதான் ஊத்தணும், சொம்பு வாணாம்" என்று பிடிவாதமாக இருந்தாள். நான் கூச்சக்காரன், ஆனாலும் போய்க் கேட்டேன். சாமியார் வெள்ளைக்காரர், நல்லவர். "தெருக்காரங்களக் கேக்கிறேன், ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறு" என்றார். பிள்ளையும் நன்றாகப் பால் குடித்தது, அதனால் பொறுத்தோம். அதற்குள் மரியாள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பிள்ளையை வீட்டில் என் தங்கையிடம் விட்டுவிட்டு, அடக்கப் பூசையில் பெட்டியருகே முழங்காலில் இருந்தேன். பக்கவாசலில் ரோசம்மா வந்து நின்றாள். ஊர்த்தெருவில் நிலம் உள்ளவள், மரியாள் அவள் வயலில்தான் நடவு நடுவாள்.

"இன்னாடா திமிரு உங்களுக்கு! உம் பொண்டாட்டி புள்ளையத் தூக்கினு வந்து எங்க தொட்டில தண்ணி மொண்டு ஊத்தினு கீறா, நீ இங்க மண்டி போட்டுனு கீறியே!"

"அவ இந்தப் பெட்டியில இருக்காம்மா."

"யாரு? எங்க வயல்ல நட்டவள எனக்குத் தெரியாதா?" என்று திறந்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். தங்கை பிள்ளையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். "தூங்குதுன்னு நெனச்சேண்ணே, மூச்சே இல்லண்ணே." வாங்கிப் பார்த்தேன். சுற்றியிருந்த துணி காய்ந்திருந்தது, தலை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. யாரும் தண்ணீரே தொடவில்லை என்று சத்தியம் பண்ணினாள்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கல்லறை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள், தாயோடு சேர்க்கமாட்டார்கள். பிள்ளையைச் சாமியாரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"தண்ணி யார் ஊத்தினது?"

"அவங்கம்மா, சாமி."

அவர் பிள்ளையின் தலையைத் தொட்டார், நனைந்த தன் கையைப் பார்த்தார். பிறகு, அதற்குள் மூடியிருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

மரியாள் கையில் வைப்பதற்கு முன் நான் துண்டால் அந்தத் தலையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது. மூடி ஆணி அடிக்கும்வரை காயவில்லை. இன்றைக்கும் மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிட என்னால் முடியவில்லை.

இதை எழுதி முடித்தது 1946ஆம் வருஷம், கல்லறைத் திருநாள் அன்று.