பெரார்கஞ்ச் வயலின் பங்குதாரர்கள்

1. முதல் சனிக்கிழமை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, காய்கறிக் கூடைகளை ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சங்கத்தின் மேல் இவ்வளவு பற்றா என்று பூரித்துப்போனேன். அந்த வாரம் சென்னைக் கப்பல் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்பது பிறகுதான் புரிந்தது.

போர்ட் பிளேரில் சில குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. பருவத்தின் தொடக்கத்திலேயே விவசாயிக்குப் பணம் கட்டிவிட வேண்டும். பிறகு வாராவாரம் வயலில் என்ன விளைகிறதோ அதில் ஒரு பங்கு கூடையாக வரும். நன்றாக விளைந்தால் நிறைகூடை, மழை அழித்தால் அரைக்கூடை. நஷ்டத்திலும் பங்கு என்பதுதான் இதன் உயிர்நாடி. வருங்கால நகரம் இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று தொடக்கக் கூட்டத்தில் பிரசன்டேஷன் எல்லாம் போட்டார்கள். கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. நான் கலெக்‌ஷன் சென்டர் மேனேஜர். மேனேஜர் என்றால் கூடை தூக்குகிறவள் என்று அர்த்தம்.

எங்கள் விவசாயி முனியாண்டி அண்ணன். ராமநாதபுரத்திலிருந்து வந்து, டவுனுக்கு வெளியே பெரார்கஞ்சில் வேரூன்றிய குடும்பம். அவருடைய பள்ள வயலில் மண் அடித்து டூரிஸ்ட் காட்டேஜ் கட்ட ஒரு கான்ட்ராக்டர் நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்களை நம்பித்தான் அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பினார்.

“டவுன்ல இத்தன குடும்பம் கூட நிக்கிறப்ப எனக்கென்னத்தா பயம்?” என்றார் என்னிடம்.

2. கப்பல் வந்தது

தீவில் நாங்கள் கப்பலைப் பார்த்துத்தான் சமைப்போம். மெயின்லேண்ட் கோஸும் காலிஃபிளவரும் வந்திறங்கினால் வீட்டுக்கு வீடு போன் பறக்கும். கப்பலில் கிடந்து வாடி வதங்கிய கோஸுக்கு மாப்பிள்ளை மரியாதை. இங்கே வயல் தண்ணீரில் தானாகப் படரும் நாலி பாஜிக் கீரைக்கு ‘ஜங்கிலி’, அதாவது காட்டுச் செடி என்று பெயர்.

அந்தப் பருவத்து அடைமழையில் தக்காளியும் வெண்டையும் அழுகிப்போயின. அண்ணன் அசரவில்லை. மழைக்குச் சாகாததாகப் பார்த்து, நாலி பாஜி, கொடிப்பசலை, பூசணித் தண்டு, சேப்பங்கிழங்கு என்று கூடை கட்டி அனுப்பினார். முழங்கால் சேற்றில் நின்று அறுத்தவை. அதே வாரம் கப்பலும் வந்து தொலைத்தது. சனிக்கிழமை சாயங்காலம்வரை பாதிக் கூடைகள் சீந்துவாரில்லாமல் கிடந்தன.

வந்த ஒரு அம்மாளும் கூடையைக் கிளறிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“ஏன் ஸ்டெல்லா, மாட்டுக்குப் போடறதெல்லாம் எங்களுக்கா? கோபி இல்லையா?”

“இந்த மழைக்கு காலிஃபிளவர் எப்படிக்கா வரும்? விளைஞ்சதுல பங்குன்னுதானே பேசினோம்?”

“பேசினோம், இல்லேங்கல. அதுக்காக வாரம் பூரா கீரையவே திங்க முடியுமா?”

கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். முன்வரிசை.

3. பெரும்பான்மை

செயலாளர் பாலகிருஷ்ணன் சார் அரசு ஆபீசில் ரிட்டையர் ஆனவர். நல்லவர்தான். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலையாட்டும் நல்லவர். அவர் கூட்டிய கூட்டத்தில், கப்பல் காய்கறியை மார்க்கெட்டில் வாங்கிக் கூடைகளில் சேர்ப்பது என்று முடிவானது. பிரசன்டேஷன் போட்டவரும் கை தூக்கினார். கூட்டம் முடிந்ததும் செயலாளரை வழிமறித்தேன்.

“அரே ஸ்டெல்லா, தோடா அட்ஜஸ்ட் பண்ணும்மா. மெம்பர் போயிட்டா சங்கமே கதம். கூடை நிறைஞ்சு தெரியணும்.”

“அப்ப அண்ணனோட வயல், சார்?”

“வயல் எங்கம்மா ஓடிப் போகப்போவுது?”

அடுத்த சனிக்கிழமை கீரைக்கட்டுகளோடு அண்ணனே பஸ்ஸில் வந்து இறங்கினார். ‘பெரார்கஞ்ச் வயலிலிருந்து’ என்று சங்கத்தின் அட்டை தொங்கிய கூடைகளில், மேலாக மெயின்லேண்ட் கோஸ் உட்கார்ந்திருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம வயல்ல இது எப்பத்தா வெளஞ்சிச்சு?”

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கோஸை அதே கூடையில் பதமாக வைத்தார். சொன்ன சொல் தவறாமல் அந்தப் பருவம் முடியும்வரை கீரை அனுப்பினார். அடுத்த பருவத்துக்கு வரவில்லை. நாங்கள் கூடை கட்டுவதும் அதோடு நின்றது.

4. கீரையாவது

மறு வருஷம் வானிலை கெட்டுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேன்சல் ஆயின. மார்க்கெட்டில் வாடின வெண்டைக்காய்க்கு அடிதடி. பாலகிருஷ்ணன் சார் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“மெம்பருங்க எல்லாம் போன் மேல போன். முனியாண்டிகிட்ட கேட்டுப் பாப்போம்மா. கீரையாவது கிடைக்கும்ல?”

கீரையாவது! இருந்தும் அவருடைய காரில் ஏறினேன்.

வயல் இருந்த இடத்தில் ரோடு மட்டத்துக்குச் செம்மண். டிப்பர் லாரி ஒன்று இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. காட்டேஜுக்குக் கம்பிகள் எழும்பியிருந்தன. அண்ணன் முகம் மாறாமல் வரவேற்று, பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கீரைக்கு எங்க சார் போக? நாங்களே பருப்பும் உருளக்கெழங்குமாத்தான் ஓட்டுறோம்” என்றார் அண்ணன். “நீங்க ஆபீசுல இருந்தவுக. கப்பல் எப்ப வருதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திரும்பும் வழியில் சார் சொன்னார்: “சே, கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அவசரப்பட்டுட்டான்.”

இப்போது நகரங்களில் இப்படிச் சங்கம் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். முதல் கூட்டத்தை ஹாலில் வைக்காதீர்கள் என்பேன். அடைமழையில், தண்ணீர் நிற்கும் வயல் வரப்பில் வையுங்கள். அன்றைக்கு அங்கே என்ன கிடைக்கிறதோ அதைச் சமைத்துப் போடுங்கள். முகம் சுளிக்காமல் சாப்பிட்டவரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர்தான் தேறுவார்கள், பரவாயில்லை. எங்கள் செயலாளர் அண்ணனின் வயலுக்கு முதன்முதலாக வந்தது, அதில் மண் அடித்த பிறகுதான்.