விலை கேட்டான், யாருடையது என்று கேட்கவில்லை

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்றத்தில் திருடியவனைவிடத் திருட்டுப் பொருளை வாங்கியவனுக்குத்தான் அடி பலமாக விழும். திருடியவன் ஓடத் தெரிந்தவன், பேரம் பேசத் தெரிந்தவன். வாங்கியவனோ பொருளை முற்றத்தில் ஊரறிய நிறுத்திவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். எஸ்டில் நேப்பியர் மாட்டியது அப்படித்தான்.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு விறகு விற்றுப் பிழைத்தவன் எஸ்டில். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இரண்டு வேட்டை நாயும் ஒரு துப்பாக்கியும். நவம்பரில், அரசு மான் வேட்டைக்கு விடும் சீசன் திறந்தால் அடித்துக் கூறு போட்டு ஃப்ரீசரை நிரப்பிவிடுவான். அடுத்த கோடை வரை அதுதான் கறி. கடையில் கறி வாங்குகிறவனை ஆம்பளை என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். பொதுவாக யாரையுமே ஒத்துக்கொள்ள மாட்டான் என்பது வேறு விஷயம்.

அவன் தங்கை மகன் டஸ்டின், போன குளிர்காலத்தில், விறகு பிளக்கும் மெஷின் ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, பாதி விலைக்குத் தர்றேன். உனக்குங்கிறதால."

"ஓடுமா?"

"கயித்த இழுத்துப் பாரேன்."

இழுத்தான். ஓடியது. விசாரணை அத்தோடு முடிந்தது. டஸ்டின் பிறந்ததிலிருந்து சொந்தக் காசில் ஒரு சுத்தியல்கூட வாங்கியதில்லை என்பது கவுண்டியில் கழுதைக்கும் தெரியும். எஸ்டிலுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

மெஷின் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவருடையது. ஷெரிஃப் ஆட்கள் வந்து இழுத்துப் போனார்கள். டஸ்டின் முந்திக்கொண்டான். "மாமா தெரிஞ்சேதான் வாங்கினாரு" என்று எழுதிக் கொடுத்தான். அதற்குப் பரிசாக அவனுக்கு ஜெயில் இல்லை. மாதம் ஒரு முறை அதிகாரியிடம் போய் மூஞ்சியைக் காட்டினால் போதும். "இதுதான் உனக்குக் கடைசி வாய்ப்பு" என்றார் நீதிபதி. போன தடவையும் அதையேதான் சொன்னார். அதற்கு முந்தின தடவையும்.

எஸ்டிலுக்கு அரசு செலவில் வாய்த்த வக்கீல் மிஸ் பெல்லாமி, நகரத்துப் பெண். லாட்டரி விழுந்த முகத்தோடு நடைவழிக்கு வந்தாள்.

"நல்ல செய்தி, மிஸ்டர் நேப்பியர்! பெரிய குற்றம்னு ஒத்துக்கிட்டா ஜெயிலே கிடையாது. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"பெரிய குற்றம்னா என் துப்பாக்கி?"

"அது... வச்சுக்க முடியாது. அநேகமா ஆயுசுக்கும்."

"இத நல்ல செய்தின்னு சொல்லிக் குடுத்தது யாரும்மா? சின்னக் குற்றமா மாத்த முடியுமா?"

"மெஷின் பழசு, விலைய இறக்கிக் காட்டினா சின்னக் குற்றமாயிடும். ஆனா அரசு வக்கீல் சும்மா விட மாட்டார். ஆறு மாசம் உள்ள இருக்கணும்பார்."

"இருக்கேன்னு சொல்லு. சீசனுக்கு வெளிய வந்துருவேன்."

அவனுக்குப் புத்தி சரியில்லையோ என்று அவள் சந்தேகப்பட்டாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் ஜெயில் கேட்கிறானே என்று அரசு வக்கீல் சிரித்தார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அறைச் சுவரிலும் ஒரு மான் தலை தொங்குகிறது.

வேடிக்கை பார்க்க வந்திருந்தான் பக்கத்து நிலத்து ஹோபர்ட் ஸைஸ்மோர். அவனுக்கு ஓடைக்கரையில் மக்காச்சோளக் கொல்லை. கவுண்டியிலேயே கொழுத்த மான் அங்கேதான் மேயும். மரத்துக்கு மரம் 'உள்ளே வராதே' என்று பலகை அடித்திருப்பான். விலங்கு மாட்டி அழைத்துப் போகும்போது எஸ்டிலைப் பார்த்து அவன் சத்தமாகக் கேட்டான்:

"ஏன்டா எஸ்டில், ஒரு பொருள வாங்குறப்ப யாரோடதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டுப் பட்டறையில் என்னென்ன கிடக்கிறது என்று எஸ்டிலுக்குத் தெரியும்.

ஆறு மாதம் அவித்த பீன்ஸும் காய்ந்த ரொட்டியும் தின்றான். உள்ளே இருந்ததெல்லாம் டஸ்டினின் கூட்டாளிகள். ஒருத்தனிடமும் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சீசனுக்கு ஒரு வாரம் இருக்க வெளியே வந்து, நேரே வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தான். துப்பாக்கி மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

நாய்களுக்குச் சோறு வைக்கத் தங்கையிடம்தான் சாவி கொடுத்திருந்தான். அவள் மூக்கைச் சிந்தினாள். "டஸ்டின் சாவிய எடுத்துட்டுப் போயிட்டாண்ணே..."

"நாய விட்டு வச்சானே. பெரிய மனசுதான் உன் புள்ளைக்கு."

துப்பாக்கியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பெட்ரோல் பங்கில் ஹோபர்ட்டின் வண்டி நின்றது. பின் கண்ணாடியை ஒட்டித் துப்பாக்கி மாட்டும் தாங்கியில் எஸ்டிலின் துப்பாக்கி. நாய்க்குட்டி கடித்த பல்தடம் கட்டையில் அப்படியே இருந்தது.

"யோவ், அது என்னோடது."

ஹோபர்ட் அசையவில்லை. "காசு குடுத்து வாங்கினேன். உன் மருமகன்தான் வித்தான். மாமா இனி வேட்டைக்கு வர மாட்டாருன்னான்."

"யாரோடதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

ஹோபர்ட்டின் முகம் நனைந்த அட்டைப்பெட்டி போல ஆனது.

"கேட்டுக்க" என்றான் எஸ்டில். "மெஷின்னா விலையப் பாத்து சின்னது பெருசுன்னு பிரிப்பான். திருட்டுத் துப்பாக்கிக்கு அந்தப் பேச்சே கிடையாது, நேரா பெரிய குற்றம். ஷெரிஃப் காதுல போட்டேன்னா உன் வீட்டுல ஒரு துப்பாக்கி மிஞ்சாது."

ஹோபர்ட்டும் லேசுப்பட்டவனில்லை. "தாராளமா போடு. சாட்சிப் பொருள்னு இதையும் பூட்டி வைப்பான். நம்ம கோர்ட்டு இந்தக் கேஸ முடிக்கிறதுக்குள்ள அடுத்த சீசனும் போயிரும். உனக்கு மான் சீசன் திறக்குற இந்தச் சனிக்கிழமையா, இல்ல அதுக்கடுத்த வருஷமா?"

நீதிமன்றத்தின் வேகத்தை நன்றாக அறிந்தவர்கள் இருவரும். அதனால் நீதி பெட்ரோல் பங்கிலேயே நடந்தது.

"நான் குடுத்த காசக் குடு."

"ஜெயில்லேர்ந்து வர்றவன்கிட்ட காசா? ஒரு மான் தொடை தர்றேன்."

"ரெண்டு."

"என் துப்பாக்கிக்கு நான் ரெண்டு தொடை குடுக்கணுமா? நீ பேசாம நீதிபதியாவே போயிருக்கலாம்."

"ரெண்டு, எஸ்டில்."

"எடுத்துத் தொலை."

துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது எஸ்டிலுக்கு ஒரு கசப்பான சிரிப்பு வந்தது. தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்குகிறான் என்று டஸ்டின் எழுதிக் கொடுத்தது இப்போது சந்தேகத்துக்கே இடமில்லாமல் உண்மையாகிறது.

சீசன் திறந்த இரண்டாம் நாள் காலை, எஸ்டில் ஹோபர்ட் வீட்டுப் படியேறி, காகிதத்தில் சுற்றிய இரண்டு தொடைகளை அவன் கையில் கொடுத்தான். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஹோபர்ட் காகிதத்தை விலக்கி, கட்டைவிரலால் கறியை அழுத்திப் பார்த்தான். "அடேயப்பா, என்ன கொழுப்பு! மக்காச்சோளம் தின்னு வளந்த..."

பாதியில் நின்றான். இந்தப் பக்கத்தில் மக்காச்சோளக் கொல்லை வேறு யாருக்கும் இல்லை.

"எஸ்டில், இது யாரு நிலத்து மானு?"

"கடைசியில கேட்டுட்டியே! சபாஷ்" என்றான் எஸ்டில். "உன்னோடதுதான். மூணாவது பலகைக்கு நேர் கீழ சுட்டேன். போய் ஷெரிஃப்கிட்ட சொல்லு. எந்தத் துப்பாக்கின்னு கேப்பாரு, நானே கொண்டாந்து காட்டுறேன், அது யாரு வண்டியில மாட்டியிருந்துச்சுன்னும் சேத்து."

நாய்களை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

ஹோபர்ட் அவன் முதுகைப் பார்த்து வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கொட்டினான். தொடைகளை மட்டும் கீழே போடவில்லை. உள்ளே கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தான்.