நான்கு பெல்ட்டையும் மாற்றச் சொன்னவர்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் புரட்டலாம் என்று பைக்குள் வைத்துவிடாமல், தயவுசெய்து இங்கேயே படியுங்கள். உங்களில் பலர் எங்கள் அண்ணனைப் பற்றி ஒரு பொய்யை நம்பியவர்கள்.

அண்ணன் கிள்ளையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். கொஞ்ச வருடத்திலேயே சுற்றுவட்டார அரிசி மில்களில் பெல்ட் மாட்ட அவரைத்தான் கூப்பிட்டார்கள். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் பலத்தை மிஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெல்ட்தான் என்பார். "பெல்ட்டு புல்லிப் பள்ளத்தோட அடியில போயி உக்காரக் கூடாதும்மா. ரெண்டு பக்கத்தையும் கவ்விக்கிட்டு ஓடணும். அப்பதான் இழுக்கும்" என்று, கேட்காத எனக்குக்கூடப் பாடம் நடத்துவார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே இறுக்கத்தின் அளவு சொல்லுவார். அதிகம் இறுக்கினால் பேரிங் போய்விடும், தளர்ந்தால் வழுக்கிச் சூடேறும். கோபமே வராத மனிதர், ஆயுத பூஜையன்று மட்டும் கத்துவார். மில்காரர்கள் வழுக்குமே என்று பாராமல் பெல்ட்டிலேயே சந்தனத்தை அப்பி வைப்பார்கள். "கவரு மேல வைங்கய்யா, சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்று துணியோடு துடைக்கப் போய்விடுவார்.

இனி அந்தப் பொய் பிறந்த மில்லுக்கு வருகிறேன். அது எங்கள் தாய்மாமா கட்டியது. அவருக்குப் பிறகு அவர் மகன் நடத்துகிறார். அண்ணனுக்கு மச்சான், எனக்கு மாமா. அங்கே பாலிஷ் மிஷினுக்கு ஒரே புல்லியில் நான்கு பெல்ட்டுகள். அதில் ஒன்று அறுந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நாலையும் மாத்தணும் மச்சான்" என்றார் அண்ணன்.

"மூணு நல்லாத்தான இருக்கு? ஒண்ண மட்டும் போடு."

"பழசு மூணும் நீண்டு போயிருக்கு. புதுசு ஒண்ணே மொத்தப் பாரத்தையும் இழுக்கும், பட்டுனு அறுந்துடும். செட்டா மாத்துனாதான் மாட்டுவேன்."

சொன்னபடி மாட்டாமலேயே திரும்பிவிட்டார். அறுவடை நேரம், மில்லை நிறுத்த மாமாவுக்கு மனமில்லை. தாமே ஒரு புது பெல்ட்டை மாட்டி, மேல்கவரைக்கூடத் திரும்பப் போடாமல் ஓட்டினார். மூன்றாம் நாள் அது அறுந்து தெறித்தது. பக்கத்தில் நின்ற மில் தொழிலாளி பரங்கிப்பேட்டை ஜாபர் பாயின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

"மாட்டுனது என் மச்சான்தான்" என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். ஜாபர் பாய்க்கு அதே மில்லில் வாட்ச்மேன் வேலை கொடுத்து வாயை அடைத்தார். அண்ணன் நியாயம் கேட்கக் கிளம்பியபோது எங்கள் அம்மா குறுக்கே நின்றார். "என் பொறந்த வூட்ட சந்தி சிரிக்க வச்சிடாதப்பா" என்று கெஞ்சினார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அதன் பிறகு ஒரு மில்லும் அவரைக் கூப்பிடவில்லை. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் கட்டி உடைத்தே மிச்ச காலத்தைக் கழித்தார். அம்மா போன பிறகாவது பேசுவார் என்று அண்ணியும் நானும் எதிர்பார்த்தோம். பேசவில்லை. நெஞ்சுவலியில் மூன்று நாள் படுத்தார், போய்விட்டார்.

சாவுக்கு மாமா கோடித் துணியோடும், தம் மில் பச்சரிசி மூட்டையோடும் வந்து இறங்கினார். வாய்க்கரிசிக்கு அந்த அரிசியையே தட்டில் கொட்டினார்கள். அப்போது ஜாபர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இவரு மாட்டவே மாட்டேன்னுட்டுப் போனாரு. மாட்டுனது மொதலாளி. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். சோத்துக்குப் பயந்து இத்தினி வருஷம் சொல்லாம இருந்துட்டேன். அல்லா என்னை மன்னிக்கணும்" என்று தேம்பினார்.

மாமா எதுவும் காதில் விழாதவர்போல் குனிந்து அரிசியை அள்ளினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க மில்லு அரிசி ஒண்ணுகூட எங்க அண்ணன் வாயில விழக் கூடாது மாமா. மூட்டைய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்று பெரியவர்கள் திட்டினார்கள். திட்டட்டும். கடையில் வேறு அரிசி வாங்கிவந்து காரியத்தை முடித்தோம். அவர் மூட்டையோடு வண்டி ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் மாறி மாறிக் காவலிருந்த ஐஸ் பேக்டரி நண்பர்களுக்கும், உடன் நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், தாமதமாகவேனும் வாய் திறந்து அதற்காக வேலையை இழந்த ஜாபர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைக் கூப்பிடாமல் விட்ட ஒவ்வொரு மில்லுக்கும் இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். முதல் பிரதி மாமாவுக்குப் போய்விட்டது.

அண்ணனாக இருந்தால் மன்னித்திருப்பார் என்று நேற்றுகூட ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். உண்மைதான், அவர் மன்னித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். நான் இன்னும் இருக்கிறேன்.